கன்னோனாவ் குடித்தால் நூறு வயதா?

கேள்வி: இத்தாலியின் சார்டீனியாத் தீவில் நூறு வயதைக் கடந்தவர்கள் அதிகம். அவர்கள் குடிக்கும் கன்னோனாவ் என்ற சிவப்பு ஒயின்தான் அதற்குக் காரணம் என்று படித்தேன். எல்லா உணவோடும் அது பொருந்துமாம். தினமும் ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: ஆயுளுக்காக என்றால் ஒரு வாய்கூட வேண்டாம்.

நூறு வயதுக்காரர்கள் இருப்பது உண்மை. 2004-இல் ஜான்னி பெஸ், மிஷெல் பூலேன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். நூறைத் தொடுபவர்களில் பெண்களே அதிகம் என்பதுதான் உலக வழக்கம். சார்டீனியாவின் மலைக் கிராமங்களிலோ ஆண்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு இருந்தார்கள். அந்த ஆண்களில் பலர் காலமெல்லாம் ஆடு மேய்த்து மலைச்சரிவில் ஏறி இறங்கியவர்கள். பார்லி ரொட்டியும் பயறும் ஆட்டுப்பாலும் சாப்பிட்டவர்கள். முதுமையில் வீட்டாரோடு வாழ்ந்தவர்கள். இத்தனையையும் தள்ளிவிட்டுப் பாட்டிலை மட்டும் எடுத்துக் காட்டுவது வியாபாரம்.

2006-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த கட்டுரையையும் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். சார்டீனியாவின் நூவோரோ பகுதி ஒயின்களில், திராட்சையிலிருந்து வரும் புரோசயனிடின் என்ற பொருள் கூடுதலாக இருப்பதாக அது சொன்னது. அந்தப் பொருளைச் சோதித்தது ஆய்வகத்தில், ரத்தக்குழாய்ச் செல்களில். குடித்தவர்களுக்கு ஆயுள் கூடியது என்பதற்கு அது நிரூபணம் ஆகாது. மது எந்த அளவிலும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு காரணத்துக்காகவும். நல்ல ஒயின் ஒன்றை டானிக் ஆக்கிவிட்டார்கள். பிரான்சில் கிரெனாஷ், ஸ்பெயினில் கர்னாச்சா என்று வளரும் திராட்சைதான் சார்டீனியாவின் கன்னோனாவ். தோல் மெல்லியது, தாமதமாகப் பழுக்கும். வெயிலில் சர்க்கரை ஏறிவிடுவதால் ஆல்கஹால் 14 சதவீதம் வரை போவது சாதாரணம். நிறம் அடர்த்தியாக இருக்காது, துவர்ப்பும் மிதம்தான். பழுத்த செம்பழ வாசனையும் காட்டுச்செடி மணமும் வரும். 1972-இல் இதற்கு டி.ஓ.சி. தகுதி, அதாவது விளையும் இடத்தையும் தயாரிப்பு முறையையும் உறுதிசெய்யும் இத்தாலிய அரசு முத்திரை, கிடைத்தது. ஓலியேனா, யெர்சு, காப்போ ஃபெராத்தோ ஆகிய மூன்று பகுதிகளுக்கு லேபிளில் ஊர்ப்பெயரையும் சேர்த்துக்கொள்ளும் உரிமை உண்டு. ரிசெர்வா என்று போட்டிருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முதிர்ந்தது.

சரி, உணவுக்கு வருவோம். இது மேய்ப்பர்களின் ஒயின், மேய்ப்பர்களின் சாப்பாட்டோடுதான் சோபிக்கும். விறகுத் தணலில் மணிக்கணக்காக வாட்டி, மிர்ட்டில் என்ற வாசனைப் புதர்ச்செடியின் இலைகள்மேல் கிடத்தும் பால்குடிப் பன்றிக்குட்டியை அங்கே பொர்செத்து என்பார்கள். கொழுப்பு உருகி நாக்கில் படியும்போது, ஆல்கஹாலின் சூடும் மிதமான துவர்ப்பும் அதைத் துடைத்து அடுத்த வாய்க்குத் தயார்ப்படுத்தும். மிர்ட்டில் மணமும் ஒயினின் செடி மணமும் ஒரே மலைக்காட்டில் பிறந்தவை போல இணங்கும். உருளைக்கிழங்கோடு வேகவைத்த செம்மறி இறைச்சிக்கும் இதே பொருத்தம். பிறகு ஃபியோரே சார்டோ: செம்மறியின் காய்ச்சாத பாலில் செய்து லேசாகப் புகையூட்டிய சீஸ். அதன் உப்பும் காரமும் ஒயினின் பழச்சுவையைத் தூக்கிக் காட்டும். இந்த ஜோடிக்கு ஈடாக இன்னொன்றை அந்தத் தீவில் நான் சொல்ல மாட்டேன். உருளைக்கிழங்கும் புதினாவும் பெக்கொரீனோ சீஸும் வைத்து, கதிர்போல் மடித்த குலுர்ஜோனெஸ் என்ற கொழுக்கட்டை மாதிரியான பாஸ்தாவுக்குத் தக்காளிச் சாறு ஊற்றினால் இளைய கன்னோனாவ் போதும். ரிசெர்வா அதை அமுக்கிவிடும்.

எல்லா உணவோடும் பொருந்தும் என்பது தவறு. கப்ராஸ் ஊரின் பெயர்பெற்ற பொத்தார்கா, அதாவது உப்பிட்டு உலர்த்திய மடவை மீன் முட்டை, இதனோடு சேர்ந்தால் வாயில் இரும்பு நக்கியது போன்ற சுவை வரும். அதற்கு அதே தீவின் வெர்மென்டீனோ என்ற வெள்ளை ஒயின் இருக்கிறது. மிளகாய்க் காரத்தோடும் வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். அறைச்சூட்டில் ஊற்றுவதும் கூடாது. 16 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால்தான் பழம் தெரியும். அதற்கு மேல் போனால் சாராய நெடிதான் முன்னால் வரும்.

ஏற்கெனவே ஒயின் அருந்துகிறவர் என்றால், எப்போதாவது, இப்படிப்பட்ட சாப்பாட்டோடு, அளவாக. பழக்கம் இல்லாதவர் என்றால் தொடங்காதீர்கள். அந்த மேய்ப்பர்களிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள ஆசையென்றால், பயறையும் நடையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.