எட்டரைப் பக்கத்தை ஆறு பக்கத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: முதுநிலைப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலிருந்து ஒரு மாநாட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஐ.இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு) வடிவம், ஆறு பக்க வரம்பு, டபுள் பிளைண்ட் மதிப்பீடு (எழுதியவரும் மதிப்பிடுபவரும் யாரென்று ஒருவருக்கொருவர் தெரியாத முறை). எனக்கு வேர்டில் எட்டரைப் பக்கம் வருகிறது. போன முறை வேறொரு மாநாட்டுக்கு அனுப்பியது, மதிப்பீட்டுக்கே போகாமல் "வடிவம் சரியில்லை" என்று திரும்பிவிட்டது. இன்னும் பத்து நாள் இருக்கிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: முதலில், இப்போது கையிலிருக்கும் வேர்ட் கோப்பை மூடிவிடுங்கள். மாநாட்டின் இணையதளத்தில் கொடுத்திருக்கும் டெம்ப்ளேட்டைப் புதிதாக இறக்கிக்கொண்டு அதில் வேலையைத் தொடங்குங்கள். சீனியர் கொடுத்த பழைய கோப்பு வேண்டாம். அதில் யாரோ எப்போதோ மாற்றிய மார்ஜின் அப்படியே ஒளிந்திருக்கும். தாள் அளவையும் பாருங்கள். ஏ4 என்றால் 210 × 297 மில்லிமீட்டர், அமெரிக்க லெட்டர் என்றால் 216 × 279. இரண்டுக்கும் தனித்தனி டெம்ப்ளேட் உண்டு. வேர்டுக்குப் பதில் லேடெக்ஸ் என்ற கட்டளைவழி அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பக்க அமைப்பைத் தீர்மானிக்கும் ஐ.இ.இ.இ. கிளாஸ் கோப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் லெட்டர் அளவையே எடுத்துக்கொள்ளும். மாநாடு ஏ4 கேட்டால் அதை நாம்தான் ஆப்ஷனில் குறிப்பிட வேண்டும்.

ரிப்போர்ட்டிலிருந்து எழுத்தை எடுத்து ஒட்டும்போது "டெக்ஸ்ட் மட்டும்" என்ற முறையில் ஒட்டுங்கள். சாதாரணமாக ஒட்டினால் ரிப்போர்ட்டின் 12 பாயின்ட் எழுத்தும் ஒன்றரை வரி இடைவெளியும் கூடவே வந்துவிடும். ஐ.இ.இ.இ. வடிவத்தில் தலைப்பு 24 பாயின்ட், உடல் பகுதி 10 பாயின்ட், அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரைச் சுருக்கம்) 9 பாயின்ட் தடித்த எழுத்து, எல்லாமே டைம்ஸ் நியூ ரோமன். இவற்றைக் கையால் அமைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பாராவுக்கும் டெம்ப்ளேட்டில் உள்ள ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் போதும். சும்மா ஒட்டியதாலேயே பக்கம் கூடியிருக்க வாய்ப்பு உண்டு. சரியான ஸ்டைலுக்கு மாற்றியபின் உண்மையில் எத்தனை பக்கம் என்று பாருங்கள்.

அதற்குப் பிறகும் வரம்பைத் தாண்டினால் மார்ஜினிலோ வரி இடைவெளியிலோ கை வைக்காதீர்கள். கீழ் மார்ஜினைக் கொஞ்சம் குறைப்பது, 10 பாயின்ட்டை 9.5 ஆக்குவது எல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரைகள் திரும்புவதற்கு இதுவும், பக்க வரம்பை மீறுவதும், பிளைண்ட் கட்டுரையில் பெயர் தெரிவதும்தான் அடிக்கடி காரணமாகின்றன. ஆறு பக்கத்தில் ரெஃபரன்ஸும் சேர்த்தியா, தனியா என்பதையும் அறிவிப்பில் ஒருமுறை படித்துவிடுங்கள். மாநாட்டுக்கு மாநாடு அது மாறும்.

வெட்ட வேண்டியது உள்ளடக்கத்தில்தான். ரிப்போர்ட் என்பது நீங்கள் செய்ததையெல்லாம் சொல்வது. கட்டுரை ஒரே ஒரு முடிவை நிரூபிப்பது. அந்த முடிவை ஒரு வாக்கியமாக எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உதவாத படம், அட்டவணை, பாரா எதுவானாலும் வெளியே. பாடப்புத்தகத்தில் இருக்கும் விளக்கங்கள் முதலில் போகட்டும்: நியூரல் நெட்வொர்க் என்றால் என்ன, அதன் பொதுவான பிளாக் டயக்ராம், மென்பொருளின் ஸ்கிரீன்ஷாட். அடுத்தது இலக்கிய ஆய்வு. "இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்" என்று ஒரு கட்டுரைக்கு ஒரு பாரா எழுதியிருப்பீர்கள். அதை அணுகுமுறை வாரியாக மூன்று பாராவாக மடக்குங்கள். ஒவ்வொரு பாராவின் முடிவிலும், அந்த வகை முறைகளால் எது முடியவில்லை என்று ஒரு வரி இருக்கட்டும். பெரும்பாலும் இங்கேயே ஒரு பக்கம் மிச்சமாகும். பத்து நாளில் நான்கு நாளை இந்த வெட்டலுக்கே ஒதுக்கலாம்.

அடுத்து, நிறையப் பேர் கடைசி இரவில் சரிசெய்ய நினைத்துக் கோட்டைவிடும் இடம்: படங்கள். இந்த வடிவத்தில் பக்கம் இரண்டு நெடும்பத்திகளாகப் பிரியும்; ஒரு பத்தியின் அகலம் சுமார் 3.5 அங்குலம், அதாவது 89 மில்லிமீட்டருக்குள். உங்கள் வரைபடம் கடைசியில் அந்த அகலத்துக்குச் சுருங்கப்போகிறது என்பதை நினைவில் வைத்துத்தான் வரையவே வேண்டும். பைதானில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப், நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் 6.4 அங்குல அகலத்தில், 10 பாயின்ட் எழுத்தில் படம் தரும். அதை 3.5 அங்குலத்துக்குச் சுருக்கினால் எழுத்து ஏறக்குறைய 5.5 பாயின்ட் ஆகிவிடும். அச்சில் கண்ணுக்கு எட்டாது. ஆகவே படத்தின் அளவை நிரலிலேயே 3.5 × 2.4 அங்குலம் என்றும் எழுத்தை 8 பாயின்ட் என்றும் வைத்து வரையுங்கள். அப்புறம் அதை இழுக்கவோ சுருக்கவோ கூடாது.

லேடெக்ஸ் என்றால் கோட்டு வரைபடங்களை பிடிஎஃப் ஆகவே சேருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. வேர்டில் படமாகச் சேர்ப்பதானால் கோட்டு வரைபடத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி, புகைப்படத்துக்கு 300 புள்ளி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 3.5 அங்குலத்துக்கு அது முறையே 2,100 பிக்சல், 1,050 பிக்சல் அகலம். நண்பர் எடுத்த சோதனைப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்கினால் அது தரம் குறைந்துதான் வரும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கோடுகளை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல் ஒன்றைப் புள்ளிக்கோடாக, ஒன்றை வட்டக் குறியோடு போடுங்கள். கருப்பு வெள்ளையில் அச்செடுத்துப் படிக்கும் மதிப்பீட்டாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரைபடத்தின் எக்ஸ், ஒய் அச்சுகளில் வெறும் குறியீடு போடாமல் அளவின் பெயரை எழுதி, அலகை அடைப்புக்குறிக்குள் தாருங்கள். படத்தின் விளக்கம் படத்துக்குக் கீழே, அட்டவணையின் தலைப்பு அட்டவணைக்கு மேலே. அட்டவணைகளுக்கு ரோமன் எண்.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. மேட்பிளாட்லிப் பிடிஎஃப்பில் டைப் 3 என்ற வகை எழுத்துருவை வைத்துவிடும். கட்டுரை ஏற்கப்பட்டபின் ஐ.இ.இ.இ.யின் பிடிஎஃப் எக்ஸ்பிரஸ் சோதனையில் அது தடுக்கும். நிரலின் தொடக்கத்திலேயே பிடிஎஃப், பிஎஸ் (போஸ்ட்ஸ்கிரிப்ட்) இரண்டுக்கும் எழுத்துரு வகையை 42 என்று மாற்றிவிட்டால் தொல்லை இல்லை. முடிந்த கட்டுரையை அடோபி ரீடரில் திறந்து, ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஃபான்ட்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் பக்கத்தில் எம்பெடட் (கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறது) என்று இருக்க வேண்டும். ஒன்றுக்கு இல்லையென்றால் அது பெரும்பாலும் ஏதாவது ஒரு படத்துக்குள்ளிருந்து வந்திருக்கும்.

அப்ஸ்ட்ராக்ட் 150 முதல் 250 சொல் போதும். அதிலும் தலைப்பிலும் சமன்பாடு, சிறப்புக் குறியீடு, அடிக்குறிப்பு கூடாது. அப்ஸ்ட்ராக்டில் மேற்கோள் எண்ணும் வேண்டாம். "எங்கள் முறை நல்ல முடிவுகளைத் தருகிறது" என்ற வாக்கியம் எதையும் சொல்வதில்லை. எத்தனை மாதிரிகளில் சோதித்தீர்கள், எந்த அளவுகோல், உங்கள் எண் என்ன, ஒப்பிட்ட முறையின் எண் என்ன, இந்த நான்கும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். சுருக்கப் பெயர்களை அப்ஸ்ட்ராக்டில் விரித்திருந்தாலும் கட்டுரைக்குள் முதலில் வரும் இடத்தில் மறுபடி விரிக்க வேண்டும்.

ரெஃபரன்ஸ், கட்டுரையில் வரும் வரிசைப்படி சதுர அடைப்பில் எண் பெறும். கையால் எண்ணிட்டால் ஒரு பாராவை இடம் மாற்றிய உடனே எல்லாம் குழம்பும். ரெஃபரன்ஸை நிர்வகிக்கும் மென்பொருள்களான ஸொட்டீரோ, மெண்டலே இரண்டில் ஒன்றில் ஐ.இ.இ.இ. பாணியைத் தேர்ந்துகொள்ளுங்கள். லேடெக்ஸில் ரெஃபரன்ஸ் பட்டியல் தயாரிக்கும் பிப்டெக் பயன்படுத்தினால் கட்டுரைத் தலைப்பிலுள்ள பெரிய எழுத்துகளை அது சின்ன எழுத்தாக்கிவிடும். சுருக்கப் பெயர்களும் ஆட்பெயர்களும் கெடாமலிருக்க அவற்றை நெளிவு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். கூகுள் ஸ்காலரிலிருந்து எடுத்த பதிவுகளில் பக்க எண்ணோ மாநாட்டின் பெயரோ விடுபட்டிருக்கும். ஒவ்வொன்றையும் மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

டபுள் பிளைண்ட் என்றால் பெயரை எடுப்பதோடு வேலை முடியாது. நன்றியுரையும் நிதியுதவி எண்ணும் இப்போது வேண்டாம். "எங்கள் முந்தைய ஆய்வில் [4]" என்று எழுதினால் நீங்கள் யாரென்று தெரிந்துவிடும். "[4]-இல் முன்வைக்கப்பட்ட முறை" என்று மூன்றாம் நபராக எழுதுங்கள். உங்கள் பெயரிலுள்ள கிட்ஹப் இணைப்பு, புகைப்படத்தின் பின்னணியில் தெரியும் கல்லூரிப் பெயர்ப்பலகை, "எங்கள் வளாகத்தில் திரட்டிய தரவு" என்று ஊர்ப்பெயரோடு வரும் வரி, கோப்பின் பெயரிலேயே இருக்கும் உங்கள் பெயர் ஆகிய எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் வழியாகப் போனால் கோப்பின் உள்ளே பதிந்திருக்கும் ஆசிரியர் பெயரை நீக்கலாம்.

ஒற்றுமைச் சோதனையை, அதாவது கட்டுரை ஏற்கெனவே வந்த எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளால் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் ரிப்போர்ட் ஏற்கெனவே பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் ஏறியிருந்தால் உங்கள் வாக்கியங்களே உங்களுக்கு எதிராக நிற்கும். செய்முறைப் பகுதியை ஒட்டாமல் புதிதாக எழுதுங்கள். மொத்தச் சதவீதம் குறைவு என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஒரே மூலத்திலிருந்து முழுப் பாரா வந்திருந்தால் அதுதான் ஆபத்து. ஏஐ கருவியால் உருவாக்கிய பகுதி ஏதாவது இருந்தால் அதை நன்றியுரையில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பது ஐ.இ.இ.இ.யின் விதி. பிளைண்ட் நிலையில் அதை எங்கே தெரிவிப்பது என்று மாநாட்டின் அறிவிப்பில் பாருங்கள். இதே கட்டுரையை ஒரே நேரத்தில் இன்னொரு மாநாட்டுக்கும் அனுப்புவது எங்கேயும் ஏற்கப்படாது.

ஐ.இ.இ.இ. டெம்ப்ளேட் கேட்பதாலேயே அது ஐ.இ.இ.இ. மாநாடு ஆகிவிடாது. ஐ.இ.இ.இ.யின் சொந்த மாநாட்டுத் தேடல் பக்கத்தில் அதன் பெயர் இருக்கிறதா என்று கட்டணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

சமர்ப்பிக்கும் தளத்தில் ஆசிரியர் பெயர்களையும் வரிசையையும் எல்லோரிடமும் சம்மதம் கேட்டபின் பதியுங்கள். பல மாநாடுகள் கடைசி நாளுக்குப்பின் பெயர் சேர்க்கவோ நீக்கவோ விடுவதில்லை. கெடு "ஏஓஇ" (எனிவேர் ஆன் எர்த்: உலகில் எங்காவது அந்த நாள் மிச்சமிருக்கும்வரை) என்று போட்டிருந்தால் அந்த நாளின் இரவு 11.59 என்பது நமக்கு மறுநாள் மாலை 5.29. அந்த மிச்ச நேரத்தை நம்பி இருக்காதீர்கள். இரண்டு நாள் முன்பே ஒரு பிரதியை ஏற்றிவிடுங்கள், கெடுவரை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான தளங்களில் வசதி உண்டு. ஏற்றியதும் அதை அங்கிருந்தே இறக்கி, வேறொரு கணினியில் திறந்து ஒவ்வொரு பக்கத்தையும் பாருங்கள். சமன்பாடு கட்டமாக மாறியிருப்பதும் படம் அடுத்த பக்கத்துக்குத் தாவியிருப்பதும் அப்போதுதான் தெரியும்.