20 வயதுக் காரைத் திருத்துவதா, விற்பதா?

கேள்வி: எங்களிடம் 2004ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121 பெற்றோல் கார் இருக்கிறது. எஞ்சின் ஒயில் குறைகிறது, காலி வீதி நெரிசலில் சூடாகிறது, ஏ.சி.யும் குளிர்வதில்லை. எஞ்சினைக் கழற்றிச் செய்ய வேண்டும், டைமிங் பெல்ட்டும் மாற்ற வேண்டும் என்று கராஜில் எல்லாமாக நாலரை லட்சம் கேட்கிறார்கள். "இதற்குச் செலவழிக்காமல் தந்துவிடுங்கள், வாங்க ஆள் இருக்கிறது" என்றும் சொல்கிறார்கள். மகனோ இதை விற்று, மேலே 30 லட்சம் லீசிங் எடுத்துப் புதுசாய் ஒரு வேகன் ஆர் வாங்கச் சொல்கிறார். பேரப்பிள்ளைகளைப் பாடசாலையில் விடவும் கோயிலுக்குப் போகவும்தான் கார். மாதம் 400 கிலோமீற்றர் ஓடினால் அதிகம். என்ன செய்யலாம்?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: ரீச்சர், இப்போதைக்கு விற்கவும் வேண்டாம், அந்தக் கராஜில் திருத்தவும் வேண்டாம். உங்கள் பெற்றோல் 121இன் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட்டே கிடையாது. அதில் அந்த வேலையைச் செய்வது சங்கிலி. இல்லாத பெல்ட்டை மாற்றக் காசு கேட்கிறவர் எஞ்சினைப் பற்றிச் சொன்ன மற்றதையும் நான் நம்பமாட்டேன். திருத்தக் கூலி கேட்கிறவரே வாங்க ஆளையும் கையில் வைத்திருக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? வேலிக்கு ஓணான் சாட்சி. கொழும்பில் பழைய கார்கள் குறைந்த விலைக்குக் கைமாறுவது இந்த வழியிலும்தான். பெரிய தொகையைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், புரோக்கர் வந்து அடிமாட்டு விலைக்கு எடுப்பார், சின்னத் திருத்தம் ஒன்றோடு கார் அடுத்த மாதம் முழு விலைக்குப் போகும். அதிலும் "ஓப்பன் பேப்பர்" என்று உரிமை மாற்றும் வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போய்விட்டால், யாரோ ஓட்டும் காருக்குப் பதிவேட்டில் நீங்கள்தான் உரிமையாளர். விபத்து நடந்தால் பொலிஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். எந்த விலை தந்தாலும், வாங்குபவரின் பெயரை எழுதாத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

திருத்தச் செலவு கார் விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு என்பார்கள். கார் வருஷா வருஷம் விலை இறங்கும் நாடுகளுக்கு அந்தக் கணக்குச் சரி. இங்கே 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். இடையில் ரூபாயும் விழுந்தது. திறந்த பிறகும் சுங்க வரி, கலால் வரி, எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல் 18 வீதம் பெறுமதிசேர் வரி. அதனால் 20 வயதுக் காருக்கும் இங்கே நல்ல விலை நிற்கிறது.

லீசிங்கைப் பாருங்கள். 30 லட்சத்துக்கு ஆண்டுக்கு 14 வீதம் வட்டி என்று வைத்தால், முதல் வருடத்தில் வட்டி மட்டும் சராசரியாக மாதம் 30 ஆயிரத்தைத் தாண்டும். போதாததற்கு முழுக் காப்புறுதியும் போட்டே ஆக வேண்டும். புதுக் காரில் மிச்சமாகும் பெற்றோல் உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 20 லீற்றர் வரும். லீற்றர் 300 ரூபாய் என்றாலும் ஆறாயிரம்தான். நாலரை லட்சம் முழுவதையும் இந்தக் காரில் கொட்டினாலும் 15 மாத வட்டிக்குள் சரியாகிவிடும். மகனுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு திருத்தச் சொல்லவில்லை. முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, கறளை. கடற்காற்று அடிக்கும் வெள்ளவத்தையில் இத்தனை வருடம் நின்ற கார். லிஃப்டில் ஏற்றி, கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பு, தரைத் தகடு, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புத் தார் பூசியிருந்தால் அதன் மேலேயே குத்த வேண்டும். சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் உள்ளே இறங்கினால் விற்றுவிடுங்கள், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. அரசாங்கம் வருடாவருடம் புகையைச் சோதித்துத்தான் வருமான அனுமதிப்பத்திரம் தருகிறது. தனியார் காரின் அடிப்பாகம் உக்கிப் போயிருக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கராஜ் நடத்தத் தகுதிச் சான்றும் கேட்பதில்லை. பிறகு ஏன் ஆளுக்கொரு கதை சொல்லமாட்டார்கள்!

அடிப்பாகம் நல்லதென்றால் வேறொரு மெக்கானிக்கிடம் போங்கள். "திருத்த வேண்டாம், கம்பிரஷன் பார்த்துச் சொன்னால் போதும், அதற்குக் காசு தருகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கம்பிரஷன் என்றால் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். நாலு சிலிண்டருக்கும் வரும் இலக்கங்களை எழுதி வாங்குங்கள், ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்ப்பார். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. நாலும் சரியாக இருந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான் காரணம். அதற்கு எஞ்சினை இறக்கத் தேவையில்லை. 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர்தான் குறைகிறது என்றால் ஊற்றிக்கொண்டே ஓடலாம்.

இனி, எஞ்சினையே மாற்ற வேண்டி வந்தால் கவனிக்க வேண்டியது. கம்பிரஷன் மோசமாக வந்தால், "பஞ்சிகாவத்தையில் ஜப்பான் எஞ்சின் இருக்கிறது, ஒரு நாளில் மாற்றிவிடலாம்" என்பார்கள். பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த இடம் அது; அங்கே கிடைப்பது ஜப்பானில் ஓடிய எஞ்சின். நல்ல யோசனைதான், எஞ்சினைக் கழற்றிச் செய்வதைவிட மலிவாகவும் வரலாம். ஆனால் எஞ்சின் இலக்கம் உங்கள் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்றியாக வேண்டும். அதற்கு அந்த எஞ்சின் முறையாக நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் சுங்கப் பத்திரமும் விற்றவரின் பற்றுச்சீட்டும் தேவை. "பேப்பர் பிறகு தருகிறேன்" என்கிற கடையில் வாங்காதீர்கள், அந்தப் பிறகு வராது. எஞ்சினின் உடலான புளொக்கை மட்டும் மாற்றினாலும் இதே கதைதான், இலக்கம் புளொக்கில்தான் அடித்திருக்கும். பத்திரம் இல்லாத எஞ்சினோடு கார் ஓடும், விற்கப் போகும்போது மாட்டும். கடைக்காரர் நீட்டும் கடதாசியில் உள்ள இலக்கத்தை எஞ்சினில் உள்ளதோடு நீங்களே ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு காசைக் கொடுங்கள். திணைக்களத்தில் அலைய வேண்டி வரும். ஒரு இலக்கத்தை மாற்ற ஒரு குடிமகளை இத்தனை கடதாசியோடு வரிசையில் நிறுத்துவது நியாயமே இல்லை, ஆனாலும் அதை முடித்துக்கொள்ளுங்கள்.

சூடாவதும் ஏ.சி. குளிராததும் ஒரே இடத்துப் பழுதாக இருக்கலாம். இந்தக் காரில் ரேடியேற்றரையும் ஏ.சி. கொண்டென்சரையும் குளிரவைப்பது முன்னால் உள்ள மின்விசிறிகள். ஓடும்போது ஏ.சி. குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் விட்டுவிடுகிறதென்றால் அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏ.சி.யைப் போட்டு பொனெற்றைத் திறந்து, விசிறிகள் சுற்றுகின்றனவா என்று மகனையே பார்க்கச் சொல்லலாம். இதை இந்த வாரமே செய்யுங்கள், சூட்டோடு ஓட்டினால் நல்ல எஞ்சினும் கெட்டுவிடும். அதுவரை வெப்பமானி முள் நடுவைத் தாண்டினால் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, காரை ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். ஆறும் வரை ரேடியேற்றர் மூடியைத் திறக்க எவரையும் விடாதீர்கள்.