ஊர்வலத்தில் எங்கே நிற்பது?

அன்புள்ள ஐயா,

மிச்சிகனில் ஹாலந்து ஊரில் இருக்கிறேன். ஜனவரியில் அம்மா தவறிவிட்டார். காரியத்துக்குக்கூடப் போய்ச் சேர முடியவில்லை. டச்சுக்காரர்கள் குடியேறிய ஊர் இது, மே மாதம் இங்கே டூலிப் பூக்களுக்கான டூலிப் டைம் விழா. பிள்ளைகள் ஊர்வலத்தில் என் மகள் நடக்கிறாள். வருஷம் திரும்பும் முன் இதற்கெல்லாம் போகலாமா என்கிறார்கள் வீட்டில். எனக்கும் மனமில்லை. போன வருடம் பெரிய ஊர்வலத்தைப் பார்த்தேன். தெருவைக் கழுவினார்கள், பேண்டுகள் போயின, நடுநடுவே வெறும் தெரு. அப்படி ஒன்றும் இல்லை. போகத்தான் வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு எந்த ஆறுதலும் ஈடாகாது, நான் சொல்லவும் முயலவில்லை. வருஷக் கணக்கை வீட்டுப் பெரியவர்களோடு பேசிக்கொள்ளுங்கள். பெற்ற பிள்ளை நடப்பதை ஓரமாக நின்று பார்ப்பது எந்தக் கணக்கிலும் கொண்டாட்டம் ஆகாது.

'அப்படி ஒன்றும் இல்லை' என்ற வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். துக்கத்தில் இருப்பவர் கூட்டத்தில் எங்கே நிற்பது என்பது சில வாரங்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாண வீட்டில் சிரிக்க வேண்டும், துக்க வீட்டில் பேச வேண்டும். ஊர்வலத்தில் ஒன்றும் வேண்டாம், எல்லார் கண்ணும் தெருவில் இருக்கும்.

நீங்கள் நின்ற இடம் தப்பு. நடுநடுவே வெறும் தெரு தெரிந்தது என்றால், ஊர்வலத்தைப் பார்வையிடப் போட்டிருக்கும் மேடையைத் தாண்டி நின்றிருக்கிறீர்கள். ஒவ்வொரு குழுவும் மேடைக்கு எதிரே நின்று ஆடும் அல்லது வாசிக்கும். முன்னால் போனவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், பின்னால் வருபவர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அதனால் மேடையைக் கடந்தபின் இடைவெளி விழுந்தே தீரும். மேடைக்கு இரண்டு மூன்று தெரு முன்னதாக, ஊர்வலம் திரும்பும் மூலை ஏதாவது இருந்தால் அங்கே நில்லுங்கள். பேண்டுக்காரர்கள் பெரும்பாலும் ஐந்து கஜத்துக்கு எட்டு அடி வைத்து நடக்கப் பழகியவர்கள், அதாவது ஓர் அடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். திருப்பத்தில் உள்முனையில் இருப்பவர் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே காலை மாற்றுவார், வெளிமுனையில் இருப்பவர் எட்டி வைப்பார். வரிசை கோணாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கான பயிற்சி அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடும். இதையா ஒன்றும் இல்லை என்றீர்கள்?

முன்வரிசை நாற்காலி வேண்டாம். பின்னால் கூட்டம் அடைத்துவிட்டால் எழுந்து போக வழியிருக்காது. குறுக்குத்தெரு முனையில், மூன்றாம் வரிசையில் நில்லுங்கள். தாங்க முடியாமல் போனால் அந்தத் தெருவுக்குள் முழுசாக ஒரு பிளாக் நடந்துவிடுங்கள். சுவருக்குப் பின்னால் ஒதுங்கினால் ட்ரம்பெட் சத்தம் அடங்கும், பாஸ் டிரம் அடங்காது. தாழ்ந்த ஒலி மூலையைச் சுற்றி வந்து நெஞ்சில் இடிக்கும். துக்கக்காரரை முதலில் உடைப்பது அதுதான். ஊர்வலம் போகும் எட்டாம் தெரு கிழக்கு மேற்காக ஓடுவதால் தென்புற நடைபாதையில் நின்றால் வெயில் முதுகில் விழும். ஊர்வலம் தொடங்கிவிட்டால் தெருவைக் கடக்க முடியாது, காரையும் அதே பக்கத்தில் விடுங்கள்.

தெருக் கழுவுவதையும் போகிற போக்கில் தள்ளிவிட்டீர்கள். உயிரியல் ஆசிரியை லிடா ராஜர்ஸ் 1927இல் ஊர் முழுக்க டூலிப் நடலாம் என்றார். மறுவருடம் ஒரு லட்சம் கிழங்குகள் நட்டார்கள், 1929 மே மாதம் பூத்தன. விழா அப்படித் தொடங்கியது. இன்றும் பெரிய ஊர்வலத்துக்கு முன் மேயர் தெருவைச் சோதித்து அழுக்கு என்று அறிவிப்பார். பெரியவர்களும் பிள்ளைகளும் காவடித்தண்டு போன்ற நுகத்தில் வாளி தொங்க வந்து, தண்ணீர் கொட்டி, துடைப்பத்தால் தேய்ப்பார்கள். பெரிய ஊர்வலத்துக்குப் போனால் அரைமணி முன்னதாகவே போங்கள். ஒரு ஊரே குனிந்து தன் தெருவைத் தேய்ப்பதைப் பார்க்க அழுத கண் தடையில்லை.

மகளுக்கு மரக்காலணி என்றால் இப்போதே வீட்டில் போட்டு நடக்க விடுங்கள். மரம் வளையாது. குதிகால் ஒவ்வொரு அடிக்கும் தூக்கி விழும், பாதத்தின் மேல்புறம் விளிம்பில் உரசிக் கொப்புளிக்கும். விழாவில் மரக்காலணியோடு ஆடுகிற பெண்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல ஜோடி சாக்ஸ் போடுவது அதற்காகத்தான். ஊர்வலம் எங்கே கலைகிறது என்று பள்ளியில் முன்னாலேயே கேட்டு வையுங்கள். பெற்றோர் தொடங்கும் இடத்தை மட்டும் விசாரித்துவிட்டுக் கடைசியில் பிள்ளையைத் தேடுவார்கள். அவள் உங்களைக் கடந்ததும் குறுக்குத்தெரு வழியாக அங்கே போய்விடுங்கள், கையில் அவளுடைய சாதாரண ஷூவோடு.