திருப்பூருக்கு அனுப்பிவிடலாமா?

கேள்வி: பைக் திருட்டு வழக்கில் செங்கல்பட்டு சிறுவர் சிறப்பு இல்லத்தில் ஒன்றரை வருடம் இருந்த என் மகன் அடுத்த மாதம் வெளியே வருகிறான். 18 வயது முடிந்துவிட்டது. தெருவுக்கே விஷயம் தெரியும். நேராகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் என் அண்ணன். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார், அம்மா. எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை. வந்ததும் வராததுமாக எட்டுப் பேர் தங்கும் அறைக்கு அனுப்பினால், வீட்டுக்கும் நான் வேண்டாதவன் என்றுதான் நினைப்பான். இரண்டு மாதமாவது உங்கள் கையால் சாப்பிடட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், திரும்பி வந்த முதல் வாரம் ராத்திரி பாத்ரூம் போகக்கூட அம்மாவை எழுப்பி, "போகட்டுமா?" என்று கேட்டான். இரண்டு நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு, தட்டோடு எழுந்து நிற்பானாம். அந்த அம்மா புத்திமதி எதுவும் சொல்லவில்லை. விடியற்காலை துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போனார். வியாபாரக் கணக்கை அவனிடமே விட்டார். ஒருநாள் நாற்பது ரூபாய் குறைந்தது, அதையும் கேட்கவில்லை. (நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.)

தெரு பேசத்தான் செய்யும். ஆனால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, இந்த வழக்கைக் காட்டி அவனுக்கு வேலையோ படிப்போ மறுக்கக் கூடாது. இதுபோன்ற வழக்கில் மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவுகளையும் அழித்துவிட வேண்டும். பத்திரிகையில் பெயரோ படமோ போட்டால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே வேலை கேட்கும் இடத்தில் அவன் தானாகப் போய் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் வருவதற்குள் நன்னடத்தை அலுவலரைப் பார்த்துவிடுங்கள். 18 முடிந்து இல்லத்திலிருந்து வருபவர்களுக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உதவிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அதை எழுத்துமூலமாகக் கேளுங்கள். உள்ளே ஏதாவது தொழில் கற்றிருந்தால் சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

அப்புறம், பழைய கூட்டாளிகள். தடுத்தால் ஒளிந்து போய்ப் பார்ப்பான். வீட்டுக்கே வரச்சொல்லி டீ போட்டுக் கொடுங்கள். யார் யார் என்று உங்களுக்கும் தெரியும்.

அழைத்து வரப் போகும்போது அண்ணனையும் கூட்டிப் போங்கள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பையனுக்கு.