இருமலே இல்லாத டிபி

கேள்வி: என் மனைவிக்கு வயது 34. இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல். டைபாய்டு என்று மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் நிற்கவில்லை. 7 கிலோ இளைத்துவிட்டாள், வயிறு மட்டும் உப்புகிறது. ஸ்கேனில் வயிற்றில் நீர் இருக்கிறதாம். இருமல் இல்லை, மார்பு எக்ஸ்ரே நார்மல். ஒரு டாக்டர் டிபி என்கிறார், இன்னொருவர் கேன்சரோ என்கிறார்.

பதில்: எக்ஸ்ரே நார்மல் என்பதற்காக டிபி இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். வயிற்றில் டிபி வந்தவர்களில் பலருக்கு நுரையீரல் படத்தில் ஒன்றும் தெரியாது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம், குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வு, நெறிகட்டிகள், சிலருக்குக் கல்லீரல், மண்ணீரல் என்று எங்கே வேண்டுமானாலும் அந்தக் கிருமி இருக்கலாம். நீர் சேர்வதால் உங்கள் மனைவிக்குச் சவ்வின் மேல்தான் எனக்குச் சந்தேகம். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும், ஆனால் பாவாடை நாடா பழைய இடத்தில் எட்டாது. வயிற்றில் கை வைத்தால் சிலருக்குப் பிசைந்த மாவைத் தொடுவது போல இருக்கும்.

அந்த நீரை ஊசியால் எடுத்து செல் எண்ணிக்கை, புரதம், ஏடிஏ (டிபியில் கூடும் ஒரு நொதி), கேன்சர் செல் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ஏடிஏ 40-க்கு மேல் இருந்து லிம்போசைட் என்ற வெள்ளணுவும் அதிகம் என்றால் டிபிக்கே வாய்ப்பு அதிகம். நீரில் கிருமி சுலபத்தில் சிக்காது, அதனால் டிபி கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தாலும் விட்டுவிடக் கூடாது. சிடி ஸ்கேன், தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவால் பார்ப்பது) வழியாகச் சவ்விலிருந்து துளி சதை எடுத்து பயாப்சி. ரத்தத்தில் பார்க்கும் சிஏ 125 என்ற அளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து சினைப்பை கேன்சர் என்று பெரிய ஆபரேஷனுக்குத் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள், அது டிபியிலும் நன்றாகவே ஏறும்.

டைபாய்டுக்கு என்று இன்னொரு சுற்று மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டைபாய்டுக்குக் கொடுக்கும் ஆஃப்லாக்சசின் வகை மாத்திரைகள் டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும். காய்ச்சல் தணிந்த மாதிரி இருக்கும், நோய் கண்டுபிடிப்பதுதான் தள்ளிப்போகும்.

டிபி உறுதியானால் வழக்கமாக 6 மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். கண் மஞ்சளானால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நுரையீரலில் இல்லையென்றால் மற்றவர்களுக்குத் தொற்றாது, பிள்ளைகளை அம்மாவிடமிருந்து பிரித்து வைக்காதீர்கள்.

அப்புறம், வயிறு முறுக்கிப் பிடித்து, வாந்தி எடுத்து, வாயுவும் மலமும் போகாமல் நின்றுவிட்டால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். நடுராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.