பழைய அவுட்போர்டும் புதுச் சத்தமும்: வாங்கியவர் கேள்வி, எங்கள் பதில்

கே: செகண்ட் ஹேண்டில் 2-ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்) வாங்கினேன். கரையில் ஓட்டிக் காட்டியபோது சத்தமே இல்லை. கடலில் திராட்டிலைத் திருகினால் ‘டிங் டிங்’ என்று தட்டுகிறது. விற்றவர் “போகப் போகச் சரியாகிவிடும்” என்கிறார். – பழவேற்காடு

சரியாகாது, பிஸ்டனில் ஓட்டை விழும். டேங்கில் மண்ணெண்ணெய் கலக்கிறீர்களா? பெட்ரோல் எஞ்சினில் அதைக் கலந்தால், சுமை ஏறும்போது கலவை தானாகவே வெடித்துத் தட்டும். மண்ணெண்ணெய்க்கென்றே வரும் எஞ்சினில் கம்ப்ரஷன் குறைவு, அதனால் தாங்குகிறது. நல்ல பெட்ரோலில் லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில் (2-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில், 50:1) கலந்து ஓட்டிப் பாருங்கள். தட்டல் போகவில்லை என்றால் கார்பரேட்டர் ஜெட் அடைப்பு, பிஸ்டன் தலையில் கரி, இரண்டையும் பார்க்க வேண்டும்.

வேகத்தைக் குறைத்த பிறகும் அடியிலிருந்து கனமாக ‘டக் டக்’ வந்தால் பேரிங். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கிராங்க் கேஸில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தால் இடம் தெரியும். ஃபிளைவீல் பக்கம் கை போகக்கூடாது.

கே: எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வெளியே பீய்ச்சும் தண்ணீர் நின்றுவிட்டது, சத்தமும் கரகரக்கிறது. சீசன் முடியும்வரை ஓட்டலாமா? – நாகப்பட்டினம்

ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை மாற்றுங்கள், உதிர்ந்த ரப்பர் இதழ்களைத் தண்ணீர்ப் பாதையிலிருந்து எடுத்த பிறகு கடலுக்குப் போங்கள். ‘அசல்’ என்று உறை போட்டு விற்கும் போலி இம்பெல்லரை நானும் வாங்கி ஏமாந்திருக்கிறேன். பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள்.

கே: முன் கியரில் வேகம் கூட்டினால் ‘டொக்’கென்று கழன்று, மறுபடி மாட்டுகிறது. வாங்கும்போது பெயின்ட் புதிதாக இருந்தது. – ராமேஸ்வரம்

பெயின்டைப் பார்த்தீர்கள், கியர் ஆயிலைப் பார்த்தீர்களா? இதை எத்தனை முறைதான் எழுதுவது! கியரை மெதுவாக, அரைகுறையாகப் போட்டே பழகிய எஞ்சினில் கிளட்ச் டாக்கின் (கியரைக் கவ்விப் பிடிக்கும் துண்டு) முனைகள் மழுங்கிவிடும். கியர் லிங்கேஜ் சரியாக அட்ஜஸ்ட் ஆகியிருந்தும் கழன்றால் டாக்கையும் அது மாட்டும் கியரையும் சேர்த்து மாற்ற வேண்டும், செலவு பெரியது.

பணம் கொடுப்பதற்கு முன் கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவைக் கழற்றி ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் புரொப்பல்லர் ஷாஃப்டில் தங்கூசி நரம்பு (மீன்பிடி நைலான் இழை) சுற்றி ஆயில் சீலை அறுத்திருக்கும். அந்த ஸ்க்ரூவின் காந்த முனையில் மாவு போலக் கறுப்புப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம். செதிலோ துண்டோ இருந்தால் அந்த எஞ்சின் வேண்டாம். சிலர் காலையில் புது ஆயில் ஊற்றி மாலையில் விற்பார்கள். அதனால் தண்ணீரில், சுமையோடு அரை மணி நேரம் ஓட்டிய பிறகு பாருங்கள். திரும்ப நிரப்புவது கீழ்த் துளை வழியாக. மேல் துளையில் ஆயில் வழிந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூவை மூடுங்கள். வாஷர் இரண்டும் புதிது போடுங்கள்.

கே: கடையில் ஆறு மாத வாரண்டியோடு வாங்கிய எஞ்சினில் மூன்றாவது வாரமே கிராங்க் போய்விட்டது. “மீன்பிடித் தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் பொருந்தாது” என்கிறார்கள். – தூத்துக்குடி

உங்களை மிரட்டப் பார்க்கிறார்கள், விடாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிகப் பயன்பாடு ஆகாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. எஞ்சினை வேறு மெக்கானிக்கிடம் பிரிக்காதீர்கள். “வெளியாள் கை வைத்தார்” என்று கடைக்காரர் தப்பித்துக்கொள்வார். சீரியல் எண், பில், வாரண்டி அட்டை, சத்தத்தின் வீடியோ எல்லாவற்றையும் எடுத்துவைத்து, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். எஞ்சின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.