12 புறா, 11 கூண்டு: உங்கள் நிரலில் பிழை இல்லை

தம்பி, 12 புறாக்களை 11 கூண்டுகளில் தனித்தனியாக அடைக்க முடியாது என்பதை நீங்கள் எழுதிய சாட் சால்வர் (SAT solver, கொடுத்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியுமா என்று தேடும் நிரல்) விடிய விடிய ஓடியும் நிரூபிக்கவில்லை, ஆகவே நான் தர்க்க ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை என்று காட்பாடி விடுதியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

ஆம்பூர் பஸ்ஸில் 11 இருக்கைக்கு 12 பேர் ஏறினால் நடத்துனர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அவருக்கு எண்ணத் தெரியும், சால்வருக்குத் தெரியாது. அது புறாக்களை மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பார்க்கிறது. ரெசல்யூஷன் விதியை (இரண்டு நிபந்தனைகளில் ஒன்றுக்கொன்று முரணான பகுதியை நீக்கி, மீதியை ஒரே நிபந்தனையாகச் சேர்க்கும் விதி) மட்டும் நம்பினால் இதற்குக் குறுகிய நிரூபணமே கிடையாது, புறாக்கள் கூடக்கூட நீளம் அடுக்குக்குறி வேகத்தில் பெருகும் என்று ஆர்மின் ஹாகன் என்ற ஆய்வாளர் 1985-இலேயே நிறுவிவிட்டார். நீங்கள் முட்டிக்கொண்டது அந்தச் சுவரில்தான். (எனக்கும் ஒரு காலத்தில் நெற்றி வீங்கியது.)

முதல் புறா முதல் கூண்டில்தான், இரண்டாவது புறா முதல் இரண்டு கூண்டுகளுக்குள்தான் என்று வரிசையாக நிபந்தனை சேர்த்துப் பாருங்கள், நொடியில் முடியும். ஏன் முடிகிறது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கோ சிறுசேரி சென்னைக் கணிதவியல் கழகத்துக்கோ விண்ணப்பிக்கும்போது அதைக் கையில் வைத்திருங்கள்.

வேலை கிடைக்குமா என்று கேட்கும் அப்பாவிடம், கணினிச் சில்லு வடிவமைப்பைச் சரிபார்க்கவும் இதே வகைச் சால்வர்கள்தான் பயன்படுகின்றன என்று சொல்லுங்கள்.